பச்சை வாரம், ஆரஞ்சு வாரம்

விலை ஏறிவிட்டது.
தேநீருக்குச் சர்க்கரை போட்டுக் கலக்குவதற்குள்
பதினோரு யூரோ.
"நீ யோசிக்கிற நேரத்தில்
காட்டை இன்னும் கொஞ்சம் வளர்த்துவிட்டார்களோ என்னவோ"
என்கிறாள் வில்லமைன்.
திரையில், ஊசியிலை மரங்களுக்கு நடுவே
ஒரு மரவீடு
ஆறாவது முறையாகச் சுற்றிச் சுற்றித் திறக்கிறது.

குரோனிங்கனிலிருந்து ஐம்பது நிமிடம்.
நான் ஓட்டுகிற பேருந்தை
ஒருநாள் திருப்பத்தில் திருப்பாமல் விட்டால்
தானே போய்ச் சேர்ந்துவிடும்.
எங்களில் ஒருவரும் போனதில்லை.

பெரியவர்கள், இரண்டு.
குழந்தைகள், இரண்டு.
நாய்க்கு இரவுக்கு ஒன்பது யூரோ.
பதினான்கு மாதச் செர்க்குக்குக் கட்டணமில்லை
(அவன் நாயைவிட அதிகம் கடிப்பவன்).
படுக்கை விரிப்பு தனி, துவாலை தனி,
விறகு தனி.
காற்றை மட்டும் வாடகையில் சேர்த்திருக்கிறார்கள்.

மாடிப்படியில் உட்கார்ந்து
முழங்கால் வழியே எட்டிப் பார்க்கிறாள் யில்டவ்.
"எந்த வாரம்?"

இந்த வீட்டில் எந்தப் பேச்சும்
கடைசியில் அங்கே போய்த்தான் முட்டும்.
குளிர்பெட்டிக் கதவில் நாட்காட்டி.
பச்சை வாரம் எங்களுக்கு,
ஆரஞ்சு வாரம் அவள் அப்பாவுக்கு.
நாயும் அவளோடு போகும், அவளோடு வரும்,
ஒரே கயிறு, இரண்டு தட்டு.
அக்டோபர் விடுமுறை
முழுக்க ஆரஞ்சு.

"நீயே பேசு," என்றாள் வில்லமைன்.
"ரெட்மரோடு பேசினால்
நான் பழைய ஆளாகிவிடுகிறேன்."

வாசலில் நின்று
காலணி, இருமல் மருந்து, வானிலை
இவ்வளவுதான் அவரோடு நான் பேசியது.
கொதிகலன் பழுது பார்ப்பவர்.
தொலைபேசிக்குள் எங்கோ
ஒரு குழாய் அதிர்ந்துகொண்டிருந்தது.
நான் சொல்லி முடித்ததும் அது நின்றது.

"அந்தக் காடா?
அங்கே குளத்தில் மணி அடித்ததும்
அலை வரும்.
அவளிடம் முதல் நீச்சல் சான்றிதழ்தான் இருக்கிறது.
அலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள்.
நிற்கட்டும்.
திருப்பாதீர்கள்."

போயிருக்கிறீர்களா என்று கேட்டேன்.
"இல்லை. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது
இதே பக்கத்தை ஒரு மாதம் பார்த்தோம்.
அப்போது விரிப்புக்குக் காசில்லை."

திங்கள் முதல் வெள்ளி வரை கொடுத்தார்.
பதிலுக்கு
டிசம்பர் ஐந்து, பரிசுப் பொட்டலம் பிரிக்கும் மாலை.
வில்லமைன் கண்ணை மூடித் தலையசைத்தாள்.
மூடிய கண் திறக்கச் சற்று நேரமானது.

மறுபடி உட்கார்ந்தோம்.
இன்னும் நான்கு யூரோ ஏறியிருந்தது.
பரவாயில்லை, அழுத்து, என்றேன்.
அவள் அழுத்தவில்லை.
நான் அழுத்தினேன்.
விரல் வியர்த்திருந்ததால்
இரண்டு முறை.

கடிதம் வந்து விழுந்தது:
அன்புள்ள ஹூக்ஸ்த்ரா குடும்பத்தாருக்கு.
அந்தப் பெயர் எனக்கும் செர்க்குக்கும் மட்டும்.
யில்டவ் சத்தமாகப் படித்தாள்,
பெயரில் நின்றாள்,
அடுத்த வரிக்குப் போனாள்.

மின்கட்டண உறையின் முதுகில்
மரவீட்டை வரைகிறாள்.
மேல்கட்டில் அவளுக்கு,
கீழ்க்கட்டில் நாய்க்கு.
எங்கள் அறையில்
இரண்டு தலையணை, ஒரு தொட்டில்,
ஒன்றிலும் பெயர் எழுதவில்லை.

"மழை பெய்தால்?"

பெய்யும், என்றேன்.

"பெய்தால் அங்கே என்ன செய்வார்கள்?"

தெரியவில்லை எனக்கு.
அப்பாவிடம் நாற்பது கறவை மாடுகள்.
மாடு விடுமுறை எடுக்காது,
அதனால் நாங்களும் எடுத்ததில்லை.
அடுத்தவர் வீட்டுச் சாவியை வாங்கி
நான்கு நாள் சும்மா இருப்பது எப்படி என்று
முப்பத்தெட்டு வயதில் நானும்
உன்னைப் போலத்தான், யில்டவ்.
இதை அவளிடம் சொல்லவில்லை.
சீட்டுக்கட்டு எடுத்துப் போகலாம் என்றேன்.

எழுதிக்கொண்டாள்: சீட்டுக்கட்டு.
அதன் கீழே, மழைச்சட்டை.
நான்கு என்று போட்டு, அடித்து, ஐந்து என்றாள்.

நாய்க்கும் ஒன்று இருக்கிறதாம்,
மஞ்சள் நிறம், வயிற்றில் பொத்தான்.
அப்பா வீட்டில்,
கதவுக்குப் பின்னால், இரண்டாவது கொக்கியில்.

சனிக்கிழமை போய் வாங்கி வர வேண்டும்.
காலை முறை முடிந்ததும்
நான்தான் போகிறேன்.